திறக்க மறுக்கும் பழைய தமிழ் ஃபைல்கள்: ஒரு வரலாற்றுப் பாடம்



பாஞ்சாலங்குறிச்சிக்காரன் வரலாறு எழுத உட்கார்ந்தால் கோட்டையும் கட்டபொம்மனும்தான் வருவார்கள் என்று நினைப்பீர்கள். அவர்களும் வருவார்கள். ஆனால் இன்றைய பாடம் வேறு. கணினியில் நாம் தமிழில் அடித்துவைத்த பழைய ஃபைல்கள் ஏன் திறக்க மாட்டேன் என்கின்றன என்பதுதான் பாடம். பதிவு நீளமானது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

இந்த ஒரு வருஷத்தில் உங்களில் பலர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "சார், எங்க அப்பா டைப் பண்ணி வச்ச குடும்ப வரலாறு திறக்க மாட்டேங்குது." "மாமா, கோயில் கொடைக் கணக்கு ஃபைல் திறக்குது, ஆனா தமிழ் ஒண்ணும் இல்ல, இங்கிலீஷ் எழுத்தா கொட்டிக் கிடக்குது." "சித்தப்பா, என் எம்.ஃபில். ஆய்வேடு போச்சு." கேட்கிற எல்லோரும் கடைசியில் "போச்சு" என்ற சொல்லில்தான் வந்து நிற்கிறார்கள். அந்தச் சொல்லைத்தான் நான் மறுக்க வந்திருக்கிறேன். பெரும்பாலும் எதுவும் போகவில்லை. எழுத்து இருக்கிறது. அதைப் படிக்கும் வழி மட்டும் மறந்துபோயிருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

இதை விளக்கக் கணினியிலிருந்து தொடங்க வேண்டாம். நம் பக்கத்து மலையிலிருந்து தொடங்குவோம்.

கழுகுமலையில் ஒரு பழைய ஃபைல்

கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. பள்ளிச் சுற்றுலாவில் உங்களில் பாதிப் பேர் வெட்டுவான் கோயிலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள். அங்கே பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள் உண்டு. பல சிற்பங்களுக்குக் கீழே சின்னச் சின்னதாக எழுத்து வெட்டியிருக்கும். "சார், இது என்ன மொழி?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். தமிழ்தான். எட்டாம் நூற்றாண்டு வாக்கில், பாண்டியர் காலத்தில், யார் அந்தச் சிற்பத்தைச் செய்வித்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று தமிழில் எழுதிவைத்த குறிப்புகள் அவை. ஆனால் எழுத்து வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் அன்றைக்கு வழங்கிய எழுத்து அது. பிறகு சோழர் ஆட்சி வந்தது, நாம் இன்று எழுதும் எழுத்தின் முன்னோடி பரவியது, வட்டெழுத்து மெல்ல மறைந்தது. மொழி மாறவில்லை. ஊர்க்காரர்கள் மாறவில்லை. எழுத்துக்கு எழுத்து எது என்று சொல்லும் அட்டவணை மட்டும் மக்கள் மனதிலிருந்து போய்விட்டது. அதனால் சொந்த ஊர்ப் பாறையில் இருக்கும் சொந்த மொழியை நம்மால் படிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். மதுரை பக்கத்தில் மாங்குளம் குகைக் கல்வெட்டை 1882-ல் ராபர்ட் சீவல் கண்டறிந்து தெரிவித்தார். அது பிராமி எழுத்து. பிராமியை எப்படிப் படிப்பது என்று 1837-லேயே ஜேம்ஸ் பிரின்செப் கண்டுபிடித்திருந்தார். ஆக, திறவுகோல் கையில் இருந்தது. ஆனாலும் இங்குள்ள குகைக் கல்வெட்டுகள் சரியாகப் பொருள்படவில்லை. வடக்கில் உள்ளவற்றைப் போல இவையும் பிராகிருதமாக இருக்கும் என்று நினைத்ததுதான் காரணம். 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழ் என்று எடுத்துக்காட்டிய பிறகுதான் வழி பிறந்தது. தவறான அனுமானத்தோடு படித்ததால், 40 வருஷத்துக்கு மேல் அந்தக் கல்வெட்டு கண்ணெதிரே இருந்தும் மூடியே இருந்தது.

இந்த இரண்டு செய்திகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை மறந்துபோவது ஒன்று. தவறான அட்டவணையை வைத்துப் படிப்பது மற்றொன்று. நம் கணினி ஃபைல்களுக்கு நேர்ந்ததும் இவைதான்.

1999-ல் எங்கள் பிள்ளைகள் செய்த வேலை

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிந்து கிடந்த கோட்டையை மறுபடி எழுப்பினார். அந்த மே மாதம் கோட்டை மீண்டும் விழுந்தது. ஆங்கிலேயர் அதை மண்ணோடு மண்ணாக்கினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனிக்காரர்கள் தரப்பு அவர்களுடைய கடிதங்களிலும் புத்தகங்களிலும் தேதியோடு இருக்கிறது. நம் தரப்பு பெரும்பாலும் வாயில்தான் இருந்தது. கதைப்பாடலாக, கும்மியாக, ஒப்பாரியாக, வீட்டுக் கதையாக இருந்தது. நா. வானமாமலை போன்றவர்கள் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்ததால் கொஞ்சம் தப்பியது. இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்கு அகராதி தொகுத்ததால் நம் சொற்கள் கொஞ்சம் தப்பின. மீதி பாட்டிகளோடு போனது.

1999, தூக்கிலிட்ட 200-வது வருஷம். நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சுற்றுவட்டாரத்தில் வயதானவர்களைப் பார்த்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதி வந்தார்கள். பாட்டு மட்டுமல்ல. கண்மாய்க் கரைகளுக்கு என்ன பெயர், எந்தக் கிணற்றில் எந்தப் பஞ்சத்தில் தண்ணீர் இருந்தது, பருத்தி எடுக்கும்போது என்ன பாடினார்கள், முதன்முதலாகத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போன பெண் யார் என்று எல்லாம் இருந்தது. கோட்டை மறுபடி எழுந்த கதையை ஒரு மூதாட்டி, தன் மாமியார் சொன்ன மாதிரியே சொல்லியிருந்தார். பெரியவர்கள் சேர்ந்து காசு போட்டு, டி.டி.பி. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்தோம். நோட்டுகள் பிள்ளைகளிடமே திரும்பிப் போயின. அச்செடுத்த ஒரே பிரதி கைமாறிக் கைமாறி எங்கோ போய்விட்டது. மிஞ்சியது இரண்டு ஃபிளாப்பி. பிறகு ஒரு மாணவன் அவற்றிலிருந்து எடுத்து வைத்த ஒரு சிடி.

அன்றைக்குப் பேசிய பெரியவர்களில் இன்று ஒருவரும் இல்லை. அந்த ஃபைல் திறக்காவிட்டால் அவர்களிடம் இனிக் கேட்க முடியாது.

போன வருஷம் அதைத் திறக்க முனைந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பூட்டுகள் வந்தன. உங்கள் ஃபைலுக்கும் இந்த மூன்றில் ஒன்றுதான் தடையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

முதல் பூட்டு: எதன் மேல் எழுதினோம்

ஓலைச்சுவடி அரிக்கும். அதனால் நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்படிப் படியெடுத்தவை உ.வே. சாமிநாதையர் கைக்கு வந்தன; படியெடுக்காதவை வரவில்லை. காந்தப் பூச்சுள்ள ஃபிளாப்பியும் ஓலை மாதிரிதான். அதில் 1.44 எம்.பி. கொள்ளும், இன்று உங்கள் கைபேசி எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அது போதாது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அதைப் படிக்கும் கருவியே இப்போது கடைகளில் அரிது.

உலகத்திலேயே பெரிய உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. 1086-ல் வில்லியம் மன்னர் தன் நாட்டு நிலபுலன்களைக் கணக்கெடுத்து எழுதவைத்த டூம்ஸ்டே புத்தகம் இன்றும் லண்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, படிக்கவும் முடிகிறது. அதன் 900-வது வருஷத்துக்காக பி.பி.சி. 1986-ல் ஒரு புது டூம்ஸ்டே தயாரித்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள். எல்லாம் லேசர் வட்டுகளில் ஏற்றப்பட்டது. 15 வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த வட்டைப் படிக்கும் கருவிகள் உலகத்தில் கொஞ்சம்தான் மிச்சம். லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சேர்ந்து, பழைய கணினி நடந்துகொள்வது போலவே நடக்கும் மென்பொருள் எழுதித்தான் 2002-ல் அதைக் காப்பாற்றினார்கள். தோலில் எழுதியது 900 வருஷம் நின்றது. வட்டில் எழுதியது 15 வருஷத்தில் தடுமாறியது.

எங்கள் இரண்டு ஃபிளாப்பியும் படிக்கவில்லை. சிடி படித்தது. ஒரு மாணவன் படியெடுத்து வைத்ததால் முதல் பூட்டு திறந்தது.

இரண்டாம் பூட்டு: எந்த உறையில் வைத்தோம்

ஃபைல் என்பது வெறும் எழுத்து அல்ல. எது தலைப்பு, எது தடித்த எழுத்து, எங்கே பக்கம் முடிகிறது என்ற குறிப்புகளோடு சேர்த்து ஒரு உறைக்குள் வைத்த கடிதம் மாதிரி. 1980-களில் வேர்ட்ஸ்டார் ஒரு உறை, வேர்ட்பெர்ஃபெக்ட் ஒரு உறை. பிறகு மைக்ரோசாஃப்ட் வேர்ட் எல்லோர் மேசைக்கும் வந்தது. அதன் 'டாக்' என்ற உறையை எப்படி மடித்திருக்கிறார்கள் என்பது நெடுங்காலம் அந்த நிறுவனத்துக்குத்தான் முழுதாகத் தெரியும். 2008-ல்தான் அந்த விவரத்தைப் பொதுவில் வெளியிட்டார்கள்.

2007 ஆபீஸோடு 'டாக்-எக்ஸ்' வந்தது. அதன் விவரம் அனைத்துலகத் தரமாகவே பதிவானது. பழைய வேர்ட் வைத்திருந்தவர்களால் புது உறையை அப்படியே திறக்க முடியவில்லை. அதற்கென ஒரு துணை மென்பொருள் போட வேண்டியிருந்தது. அதே வருஷம் ஆபீஸ் 2003-க்கு வந்த ஒரு புதுப்பிப்பு, பாதுகாப்புக் காரணம் சொல்லி, மிகப் பழைய வேர்ட் ஃபைல்களைத் திறக்கவிடாமல் தடுத்தது. ஃபைலில் எந்தக் குறையும் இல்லை. திறக்க வேண்டியவன் கதவைச் சாத்திக்கொண்டான், அவ்வளவுதான். இன்றைய வேர்டிலும் பழைய வடிவங்களைத் தடுக்கும் அமைப்பு உண்டு. ஆகவே "திறக்க முடியாது" என்று திரையில் செய்தி வந்தால், ஃபைல் கெட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள்.

எங்கள் ஃபைல் வேர்ட் 97 காலத்து 'டாக்'. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் அது திறந்தது. இரண்டாம் பூட்டும் போனது. ஆனால் உள்ளே பார்த்தால் தமிழ் இல்லை. பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக இருந்தது.

மூன்றாம் பூட்டு: எந்த அட்டவணைப்படி எழுதினோம்

இதுதான் நம் தமிழ் ஃபைல்களைப் படுத்தும் பூட்டு. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் என்று ஒரு அட்டவணை வேண்டும். ஆங்கிலத்துக்கு 1960-களிலேயே ஆஸ்கி என்ற பொது அட்டவணை வந்துவிட்டது. அதில் 128 இடம். பிறகு விரிவாக்கியபோது 256. அதில் தமிழுக்கு இடம் இல்லை.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்தார்கள். உதாரணத்துக்குப் பாமினி எழுத்துரு. அதில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். பாமினி எழுத்துரு இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் அது வெறும் எம்-கே-அரைப்புள்ளி-கே-எச். ஆங்கில எழுத்துதான் என்ற அனுமானத்தோடு கணினி படிக்கிறது. மாங்குளத்தில் நடந்த அதே கதை.

ஒரே ஒரு அட்டவணை என்றாலும் பரவாயில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரத்தின் மயிலை, கனடாவில் சீனிவாசனின் ஆதமி என்று ஆளுக்கொரு வழியில் தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. அவர்கள் இல்லாவிட்டால் அன்றைக்குத் தமிழே கணினியில் வந்திருக்காது. ஆனால் பத்திரிகைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று அட்டவணைகள் பெருகிவிட்டன.

இதைச் சரிசெய்யத்தான் 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் மாநாடு கூட்டினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற இரண்டு எழுத்து அட்டவணைகளையும் தரமாக அறிவித்தது. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கி என்று மற்றொரு அட்டவணை உருவாக்கினார்கள்.

இதற்கிடையே, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்ற யுனிகோட் 1991-லேயே வந்திருந்தது. அதில் தமிழுக்கு 128 கட்டங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் சாதாரண மனிதர் வீட்டுக் கணினியில் அது வேலை செய்ய விண்டோஸ் 2000 வரவேண்டியிருந்தது. லதா என்ற எழுத்துரு அதோடுதான் வந்தது. 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. நீங்கள் இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் டொரண்டோவில் இருக்கும் அத்தைக்குச் சரியாகப் போய்ச் சேர்வது இதனால்தான்.

என் காலத்து ஆசிரியர்களுக்கு இது புரியும் விதமாகச் சொல்கிறேன். நான் ஆசிரியர் பயிற்சி எடுத்த காலத்தையொட்டித்தான், 1978 அக்டோபரில், எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. யானைத் தும்பிக்கை மாதிரி எழுதிய 'ணை', 'லை', 'னை' மாறின. 'ணா', 'றா', 'னா' கால் வாங்கின. பழைய எழுத்தில் படித்த நாங்கள் புது எழுத்தில் சொல்லிக்கொடுத்தோம். குழப்பம் பெரிதாக வரவில்லை. ஏன்? எது எதுவாக மாறுகிறது என்ற அட்டவணை வெளிப்படையாக இருந்தது, எல்லோருக்கும் ஒரே அட்டவணையாக இருந்தது. எழுத்து மாறுவதால் எதுவும் அழியாது. அட்டவணை ஊரறிய இல்லாவிட்டால்தான் அழியும். நான் சொல்ல வந்ததே இந்த ஒரு விஷயம்தான்.

எங்கள் ஃபைல் எப்படித் திறந்தது

சென்னையில் கணினித் துறையில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். எழுத்துக் குப்பையைப் பார்த்ததும் அவள் பயப்படவில்லை. மேலே எழுத்துருப் பெயர் காட்டும் கட்டத்தைப் பார்த்தாள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் ஃபைலுக்குள் பதிவாகியிருக்கும். அந்தப் பெயரைப் பிடித்து, அது எந்த அட்டவணை என்று தெரிந்துகொண்டு, எழுத்து மாற்றி ஒன்றில் போட்டாள். ஒரு நொடியில் திரை தமிழாகிவிட்டது.

முழுதாக அல்ல. பழைய எழுத்துருவில் கையால் எழுதுகிற வரிசையில்தான் பதிவாகும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யுனிகோடில் முதலில் க. கொம்பும் கால்களும் சேர்ந்து ஒரே குறியாக அதற்குப் பின்னால். இந்த இடமாற்றத்தில் வரி உடைந்த இடங்களில் கொம்பு அநாதையாக நின்றது. 'ஸ்', 'ஜ' வரும் சில இடங்களும் பிசகின. ஆகவே ஒவ்வொரு பக்கமாக மனிதர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருந்தது. இயந்திரம் எது பிழை, எது கரிசல் பேச்சு என்று அறியாது. சில சொற்களை எழுத்துப் பிழை என்று திருத்தப் போனபோது, எங்கள் மதினி குறுக்கே வந்து, "அய்யய்யோ, அதைத் தொடாதீங்க, அது சரிதான், எங்க ஆத்தா அப்படித்தான் சொல்லும்" என்று தடுத்தார். அந்தச் சொற்களை அப்படியே விட்டோம்.

சரிபார்க்க வந்தவர்களில் ஒருவன், 1999-ல் நோட்டுப் போட்டு எழுதிய பிள்ளைகளில் ஒருவன். இன்று அவனுக்கே மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவனுடைய அப்பத்தா சொன்ன பக்கம் வந்தது. அவன் வாசிக்கவில்லை, மகளை வாசிக்கச் சொன்னான். அவள் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்த கிழவி. "இப்படியா பேசுவாங்க?" என்று அவள் ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொண்டே வாசித்தாள். இருபத்தைந்து வருஷமாக 'போச்சு' என்று நாங்கள் நினைத்திருந்த பேச்சு அது.

உங்கள் ஃபைலுக்கு என்ன செய்யலாம்

வரிசையாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஒரு நகல் எடுங்கள். சோதனையெல்லாம் நகலில்தான். மூலத்தைத் திறந்து 'சேவ்' கொடுக்கவே கூடாது. பென்டிரைவைச் செருகியதும் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2. ஃபைலின் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் உள்ளே ஒன்றும் இல்லை; வேறு நகல் தேடுங்கள். பெயர் அலைக்குறி, டாலர் குறியோடு தொடங்கினால் அது உங்கள் ஃபைலே அல்ல. வேர்ட் திறந்திருக்கும்போது தனக்காக வைத்துக்கொள்ளும் அடையாளச் சீட்டு அது. உண்மையான ஃபைல் பக்கத்தில் இருக்கும்.

3. திறக்கவே இல்லையா? திறக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லையா? இதைப் பிரித்துப் பாருங்கள். மருந்து வேறு வேறு.

4. திறக்கவே இல்லையென்றால், லிப்ரே ஆபீஸில் திறந்து பாருங்கள். வேர்டிலேயே 'ஓபன்' பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் 'ஓபன் அண்ட் ரிப்பேர்' என்று ஒரு வழி உண்டு. மின்னஞ்சலில் வந்த ஃபைல் என்றால், அதன் மேல் வலது சொடுக்கில் 'ப்ராப்பர்ட்டீஸ்' போய் 'அன்பிளாக்' இருந்தால் டிக் செய்யுங்கள்.

5. 'டாக்-எக்ஸ்' ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. நகலின் கடைசிப் பெயரை 'ஜிப்' என்று மாற்றி அவிழ்த்தால், உள்ளே 'வேர்ட்' என்ற ஃபோல்டரில் 'டாக்குமெண்ட்' என்ற ஃபைல் இருக்கும். அலங்காரம் போனாலும் உங்கள் எழுத்து பெரும்பாலும் அதில் கிடைக்கும். ஃபைலை நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து 'பி', 'கே' என்று இருந்தால் அது ஜிப் வகை. ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் பெயர் எழுத்துகள் அவை.

6. திறந்து, இங்கிலீஷ் குப்பையாக வந்தால் மகிழுங்கள். ஃபைல் நலமாக இருக்கிறது. எழுத்துருப் பெயரைக் குறித்துக்கொண்டு, சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற எழுத்து மாற்றிகளில் போடுங்கள். ஒரு அட்டவணையில் சரியாக வராவிட்டால் அடுத்ததைச் சோதியுங்கள். பத்திரம், வங்கி விவரம் போன்றவற்றை மட்டும் முன்பின் தெரியாத இணையதளங்களில் ஏற்றாதீர்கள்.

7. பி.டி.எஃப். இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃப். கண்ணுக்கு அழகாகத் தெரியும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் குப்பைதான் வரும். அதில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. இப்போதே சோதித்துப் பாருங்கள்.

8. மீட்டதை யுனிகோடில் வையுங்கள். வேர்டாக ஒன்று, வெறும் எழுத்தாக ஒன்று, காகிதத்தில் ஒன்று. மூன்று வேறு வேறு வீடுகளில் இருக்கட்டும்.

இதற்கு வழிகாட்டியாக ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். முதலில் அவை பழைய அட்டவணைகளில்தான் வெளிவந்தன. யுனிகோட் வந்ததும் அவர்கள் "நம் வேலை முடிந்தது" என்று இருந்துவிடவில்லை. வெளியிட்டவற்றைப் புது அட்டவணைக்கு மாற்றினார்கள். அதனால்தான் சங்க இலக்கியத்தை இன்று உங்கள் கைபேசியில் படிக்க முடிகிறது. சுவடிக் காலத்தில் படியெடுத்தவர்கள் செய்த அதே வேலை.

ஒரு ஃபைலைத் திறக்க மூன்று பேர் வேண்டும்: அதை வைத்திருப்பவர், அதை மாற்றத் தெரிந்தவர், மாற்றியது சரிதானா என்று சொல்லத் தெரிந்தவர். முதல் இருவரும் இன்னும் பல வருஷம் கிடைப்பார்கள். மூன்றாமவர்தான் குறைந்துகொண்டே வருகிறார். இது பிழை, இது எங்க ஆத்தா பேச்சு என்று பிரித்துச் சொல்ல ஒரு மதினி இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பரணில், பீரோவில், பழைய கணினிப் பெட்டியில் ஃபிளாப்பியோ சிடியோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். குடும்ப வரலாறு, கொடைக் கணக்கு, கும்மிப் பாட்டு, சங்கத் தீர்மானம், ஆய்வேடு, எதுவானாலும் சரி. வருகிற பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எடுத்து வாருங்கள். கூடவே வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். சிடி படிக்கும் கருவி எங்களிடம் இருக்கிறது, உதவ நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

யாரிடமாவது ஃபிளாப்பி படிக்கும் கருவி நல்ல நிலையில் இருந்தால் கீழே தெரிவியுங்கள். எங்களுக்கு இன்னும் தேவைப்படுகிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
பாஞ்சாலங்குறிச்சி